தங்கவேலு வீட்டுக் கஞ்சல்

1

பக்கத்து வீட்டுத் தங்கவேலு என்மேல் பொலிசில் கஞ்சா மனுக் கொடுத்து இந்தத் தைப்பொங்கலோடு ஒரு வருஷமாகிறது. இந்தத் தெருவில் அதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நான் வைத்திருக்கிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதவேண்டுமென்று பல தடவை உட்கார்ந்தேன். கோபம் ஆறட்டும் என்று ஒவ்வொரு தடவையும் எழும்பிப் போனேன். அது ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

சாவகச்சேரியை விட்டு நாங்கள் கோயம்புத்தூருக்கு வந்த பிறகுதான் மகள் அபி பிறந்தாள். இப்போது அவள் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பனியில் வேலைக்குப் போய் வருகிறாள். அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு லேஅவுட்டில் வாடகை வீடு. நாங்கள் விமானத்தில் வந்த ஆட்கள், அகதி முகாமுக்குப் போகாதவர்கள். அதனால் எங்கள் கோப்பு உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் போய், நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம், ஒரு குற்றமும் செய்யவில்லை என்று புதுப்பித்துக்கொண்டு வரவேண்டும். மகள் பிறந்தது இங்கே. அவளும் வரிசையில் நிற்கவேண்டும்.

லண்டனுக்கும் கனடாவுக்கும் போன சனத்துக்காக இரங்குகிற நீங்கள், "உனக்கென்ன, தமிழ் ஊரிலதானே இருக்கிறாய்" என்று போனில் சொல்லுகிறீர்கள். தயவுசெய்து இனிச் சொல்லாதேங்கோ. வந்த புதிதில் வீட்டுத் தரகரிடம், "வளவு உள்ள வீடாப் பாருங்கோ" என்று கேட்டேன். மரம் செடி வைக்க வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் வேண்டும் என்பது என் ஆசை. அவர் என்னைச் சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இங்கே வளவு என்றால் வரிசையாக நிற்கிற வீடுகளாம். "நீங்கதானுங்க வளவுன்னு கேட்டீங்க" என்று அவருக்குக் கோபம் வந்தது. வேறு பாஷைக்காரி பிழை விட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரே பாஷைக்காரி பிழை விட்டால் பொய் சொல்லுகிறாள் என்றுதான் நினைக்கிறார்கள்.

2

என் கணவர் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்தவர். பஞ்சுத் தூசி அவருடைய நெஞ்சை எடுத்துவிட்டது. இப்போது வீட்டோடு இருக்கிறார். நல்ல நாளில் தெருமுனை வரை நடப்பார். புகை பட்ட நாளில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் மேலே ஏற, மூச்சை இழுத்து இழுத்து எடுப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுசியால் சமைக்க முடியாது.

எங்கள் தெருவில் வேம்பு இருக்கிறது, தென்னை இருக்கிறது, அகல இலை உதிர்க்கிற பாதாம் மரங்கள் இருக்கின்றன. விடிந்ததும் ஒவ்வொரு வீட்டு வாசலும் கூட்டப்படும். கூட்டிய சருகு வாசலிலேயே குவிக்கப்பட்டு, அதற்குமேல் ஒரு பால் பாக்கெட்டைப் போட்டுக் கொளுத்தப்படும். எல்லோரிலும் முந்திக் கொளுத்துகிறவர் தங்கவேலு. மோட்டார் பம்ப் உதிரிப்பாகங்களுக்குச் சொந்தப் பட்டறை வைத்திருப்பவர், தெரு நலச்சங்கத் தலைவர். அவர் வீட்டுச் சுவரும் எங்கள் படுக்கையறை ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன.

போய்க் கேட்டேன். "இவருக்கு நெஞ்சு இழுக்குது. காலமையில எரிக்காதேங்கோ."

"ஏனுங்கம்மா, உங்க ஊர்ல குப்பைய என்ன பண்ணுவீங்க? எரிக்க மாட்டீங்களாக்கும்?" என்றார்.

எரிப்போம் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் ஊர் முற்றங்களிலும் தினமும் புகை எழும்பியதுதான். ஆனால் தோட்டக்காரர் எரிக்கமாட்டார்கள். பூவரசங்குழையை இலை தழையோடு வெட்டி மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். மிளகாய்க் கன்றைச் சுற்றி மண் தெரியாமல் சருகு போடுவார்கள். அந்த மண்ணை ஒரு மழை ஒரு மாதம் காப்பாற்றும். இதைச் சொல்லி, "உங்கட குப்பையை எனக்குத் தாங்கோ. நானே வந்து அள்ளுறன்" என்றேன்.

அவர் சிரித்தார். "குப்பைதானுங்களே, தாராளமா எடுத்துக்கங்க. எங்களுக்கும் வேலை மிச்சம்."

அன்றைக்கு அவர் சிரித்ததை நான் நல்ல சிரிப்பென்று எடுத்துக்கொண்டேன்.

3

எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த மண் செங்கல் மாதிரி. ஆழ்குழாய்த் தண்ணீரை இங்கே உப்புத் தண்ணி என்பார்கள். அதை ஊற்ற ஊற்ற மண்மேல் வெள்ளையாகப் பூத்து இறுகியது. நட்ட கத்தரி எல்லாம் சித்திரை வெயிலில் சுருண்டு விழுந்தன. கஞ்சலை முதன்முதலாகப் பரப்பியபோது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் சருகு, கூளம் எல்லாவற்றுக்கும் கஞ்சல் என்பதுதான் பெயர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. பாதாம் இலை அகலமானது, முழுசாகப் போட்டால் தட்டுமாதிரி ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. அதைக் கையால் நொறுக்கிப் போட்டேன். பச்சைப் புல்லை உலர்த்தித்தான் போட்டேன், இல்லாவிட்டால் சூடாகி நாறும். பூத்து விதை பிடித்த பார்த்தீனியக் களையைக் கிட்டவும் எடுக்கவில்லை. ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, செடியின் தண்டை மட்டும் தொடாமல் விட்டேன். தொட்டால் அழுகும். ஆடி மாதம் கஞ்சலைக் கிளறிப் பார்த்தபோது கீழே மண் கறுத்து, ஈரமாய், மண்புழுவோடு இருந்தது. தினமும் ஊற்றிய தண்ணீரை இப்போது மூன்று நாளுக்கொரு தடவை ஊற்றினால் போதுமாக இருந்தது. கத்தரி காய்த்தது. முருங்கை சுவருக்கு மேலே எழும்பியது. தெருவில் ஒவ்வொரு வீடாக எரிப்பதை நிறுத்திவிட்டுச் சருகை எங்கள் வாசலில் கொண்டுவந்து கொட்டத் தொடங்கினார்கள். தெருக் கூட்டுகிற மருதாயியும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து போட்டாள்.

அங்கேதான் தங்கவேலுவுக்குக் குத்தியது. அவருடைய புல்தரை வெயிலில் கருகிக் கிடக்கிறது, வாடகைக்கு இருக்கிற சிலோன்காரி வீட்டுச் சுவருக்கு மேலால் முருங்கைக்காய் தொங்குகிறது. பாம்பு வரும் என்றார். கொசு வரும் என்றார். சங்கக் கூட்டத்தில், "ஒறம்பரை வந்து போற தெருவுங்க, குப்பைமேடாட்டம் கெடக்குது" என்றார். ஒறம்பரை என்றால் இங்கே விருந்தாளிகள். கொங்குத் தமிழில் ஆளை அடித்து விரட்டுகிறபோதும் 'ங்க' போடுவார்கள். அந்த 'ங்க'வைக் கேட்டு அது மரியாதை என்று நம்பிப் பல வருஷம் ஏமாந்த ஆள் நான்.

அவர் மறுபடி எரிக்கத் தொடங்கினார். முன்னர் வாசலில் எரித்தவர் இப்போது சுவரோரமாக, எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே எரித்தார். சருகோடு பட்டறையிலிருந்து வந்த ரப்பர் வாஷர்களும் கிடந்தன. புகை கறுப்பாக வந்தது.

பொங்கலுக்கு முதல்நாள். வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வீட்டு வாசலில் செருகிக் காப்புக் கட்டுகிற நாள். அன்று காலை இவருக்கு உதடு நீலமாகிவிட்டது. மகள் மருந்து இழுக்கிற கருவியை அவர் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வாளி நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய், தங்கவேலுவும் மனைவியும் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த நெருப்பின் தலையில் ஊற்றினேன்.

அவர் மனைவி, "ஐயோ, காப்புக் கட்டற அன்னிக்கு!" என்று கத்தினார்.

தங்கவேலு குரலை உயர்த்தவில்லை. "அகதிங்கன்னு எரக்கப்பட்டு எடம் குடுத்தா இப்படித்தானுங்க ஆகும்" என்றார்.

நான் செய்தது சரி. இன்றைக்கும் ஊற்றுவேன்.

4

அன்றைக்கு அபி என்னோடு சண்டை பிடித்துவிட்டுப் பேசுவதை நிறுத்தினாள். அவள் வளர்ந்தது பாதி எங்கள் வீட்டில், பாதி தங்கவேலு வீட்டில். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவரைப் பெரியப்பா என்றும் மனைவியைப் பெரிம்மா என்றும்தான் கூப்பிடுவாள். அவள் பேசுகிற பேச்சும் அந்த வீட்டுப் பேச்சுத்தான். என்னை 'நீ' என்கிறாள். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை தாயை நீ என்று சொல்லும்? இங்கே எல்லோரும் அப்படித்தான் என்கிறாள். இந்த ஒரு எழுத்துக்காக நானும் அவளும் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறோம்.

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்படிப் பண்ணிப்போட்ட? பெரிம்மா அழுவுது. நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்த ஊட்டுக்குப் போறது?"

"கொப்பா மூச்சுவிடேலாமல் கிடந்தார். நீயும் பக்கத்திலதானே இருந்தனி?"

"பொறுமையாச் சொல்லியிருக்கலாம்."

இவரும் அவள் பக்கம். "நீர் பேசாமல் இரும். நாங்கள் வந்து இருக்கிற ஆக்கள்" என்றார். வாழ்நாள் முழுக்க இதையே சொன்னவர். மில்லில் முகமூடி கேட்கச் சொன்னபோதும் இதைத்தான் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் மருதாயி சாக்குகளோடு வந்தாள். நான் வாசலில் நின்று, "கஞ்சல் மூட்டையைப் பின்பக்கத்தால கொண்டந்து போடுங்கோ, ஒருத்தரும் மிதிக்காமல்" என்று சத்தமாகச் சொன்னேன். தங்கவேலு மாடியில் நின்றார். நான் அவரைக் கண்டேன். குரலைக் குறைக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

அடுத்த நாளே இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். கத்தரி, மிளகாய், தக்காளி என்று ஒவ்வொரு பாத்தியிலும் தடியை விட்டுக் கிண்டினார்கள். ஏனென்று கேட்டால், "ஸ்டேஷனுக்கு வந்து தெரிஞ்சுக்கங்கம்மா" என்றார்கள். காய்ப்பிடித்த மிளகாய்ச் செடிகள் கிளையோடு முறிந்தன. கஞ்சலுக்குக் கீழே ஒரு பூரானும், எந்தப் பிள்ளையோ தொலைத்த ரப்பர்ப் பந்தும் இருந்தன. பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார்கள். அதை வெட்டியும் பார்த்தார்கள்.

5

நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் பெருந்துறைக்காரர், இளம் வயது. மேசையில் எங்கள் குடும்பக் கோப்பு திறந்து கிடந்தது. புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. தங்கவேலு அதற்குள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒருவரும் நாற்காலி தரவில்லை.

"மூட்டை மூட்டையா கஞ்சா எறக்கறீங்கன்னு மனு வந்திருக்குதும்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோப்பைப் பார்த்தேன். அவர் அதைப் புரட்டிக்கொண்டே, "சிலோன்காரங்க மேல இந்த மாதிரி ஒண்ணு வந்தா மேல கேப்பாங்க. நாங்க எழுதித்தான் அனுப்போணும். அனுப்பினா உங்க மூணு பேரோட ரினிவலும் நின்னு போயிரும்" என்றார். அதில் மகளுடைய வேலையும் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு அடியோடு போய்விட்டது.

"நான் சொன்னது கஞ்சா இல்லை, கஞ்சல்" என்றேன்.

"கஞ்சல்னா?"

"கஞ்சல்தான். கூட்டி அள்ளுற கஞ்சல்."

"அத எங்கம்மா வித்தீங்க?"

"நான் விக்கேல்ல. வளவுக்குள்ள பரவிறனான்."

பதற்றத்தில் எனக்கு ஊர்ப் பேச்சு இன்னும் தடித்துக்கொண்டு வந்தது. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. தங்கவேலு கைகளைக் கட்டிக்கொண்டு, "நானு காதுல கேட்டதத்தானுங்க எழுதிக் குடுத்தேன். அவங்க பாசை நமக்கு எங்கீங்க புரியுது? கஞ்சான்னுதானுங்க கேட்டுச்சு. தப்பிருந்தா மன்னிச்சுக்கங்க" என்றார்.

அப்போதுதான் அபி உள்ளே வந்தாள். வீட்டிலிருந்து இவர் போன் பண்ணியிருக்கிறார். திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், கழுத்தில் கம்பனி அடையாள அட்டை தொங்க, வேர்த்துப்போய் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், கஞ்சல்னா குப்பைங்க சார். எல, தழை, சருகு. எங்க ஊட்டுல அப்படித்தானுங்க சொல்லுவோம்."

"குப்பைன்னே சொல்றதுக்கு என்னம்மா கேடு?" என்று அவர் என்னைக் கேட்டார்.

அபி அதைக் காதில் வாங்கவில்லை. தங்கவேலு பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார்.

"சின்னதுல உங்க ஊட்டு வாசல்ல நின்னுட்டு 'கஞ்சல் கூட்டோணும்'னு நான் சொன்னதுக்கு நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அப்பறம் எனக்கு அதையேதான பேரா வெச்சீங்க? 'ஏ கஞ்சலு, இங்க வா கண்ணு'ன்னு பத்தாவது படிக்கற வரைக்கும் அப்படித்தான கூப்பிட்டீங்க? பெரிம்மாவக் கூப்பிட்டுக் கேக்கட்டுங்களா?"

இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் என் பிள்ளைக்கு என் வாய்ச் சொல்லைப் பட்டப்பெயராக வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் அதைச் செல்லமென்று நினைத்து வளர்ந்திருக்கிறாள்.

சப்-இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, அப்படிக் கூப்புட்டீங்களா?"

தங்கவேலு மின்விசிறியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "கொழந்தைல… வெளையாட்டுக்குங்க" என்றார்.

"அப்ப அர்த்தம் தெரிஞ்சேதான் எழுதிக் குடுத்தீங்க?"



6

தெரிந்தே பொய் மனுக் கொடுத்தவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஊர்க்காரர், சங்கத் தலைவர், அடுத்த நிமிஷமே அவருக்குத் தேநீர் வந்தது. இருவருடைய கையெழுத்தையும் வாங்கினார்கள். நான் இனி அவர் பக்கம் போய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது, அவர் இனிக் குப்பை எரிக்கக்கூடாது. "எரிச்சா பஞ்சாயத்துல ஃபைன் போடுவாங்க, நானே சொல்லிப்போடுவேன்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பிறகு, விஷயம் முடிந்த சந்தோஷத்தில், "குப்பைய எங்க போடறதுன்னு கேக்காதீங்க. இந்தம்மாதான் வேணுங்கறாங்களே, கொண்டு போய்க் குடுத்துருங்க" என்று சொல்லிச் சிரித்தார். முறிந்துபோன என் செடிகளைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் புதுப்பிப்பும் தாமதமாகத்தான் வந்தது. மனு ஒன்று வந்ததாமே, அது என்ன என்று இரண்டு அலுவலகங்களில் நான் மறுபடியும் கஞ்சலுக்கு அர்த்தம் சொல்லவேண்டியிருந்தது. அங்கே போகும்போது குப்பை என்றே சொன்னேன்.

நிலையத்திலிருந்து பஸ்தரிப்பு வரை நானும் அபியும் நடந்தோம். அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"உனக்காக ஒண்ணும் நான் சொல்லலை. பெரியப்பா பொய் சொன்னாரு. அதான் சொன்னேன்" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அன்றைக்கு ஒரு வீடு போய்விட்டது. அது போகத்தான் வேண்டும் என்று நான் நினைத்தேன். அவளுக்கு அதைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கவேலு எங்கள் கேற்றடிக்கு வந்தார். தோளில் ஒரு சாக்கு.

"எங்கீங்க போடறது?" என்றார்.

வேண்டாமென்று சொல்ல வாய் வரை வந்தது. அவருடைய வீட்டுத் தூசியும் என் மண்ணில் விழக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் நான் வாங்காவிட்டால் அவர் அதை எங்கே கொண்டுபோய் எரிப்பார் என்று எனக்குத் தெரியும். உள்ளே இவர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மூச்சுச் சத்தம் வெளியே கேட்கவில்லை.

"இதிலயே வையுங்கோ" என்றேன்.

அவர் வைத்துவிட்டுத் திரும்பினார். "நில்லுங்கோ" என்றேன். சாக்கை அவிழ்த்து அவருக்கு முன்னால் தரையில் கொட்டினேன். குனிந்து, இரண்டு கையாலும் கிளறினேன். பாதாம் இலை, வேப்பஞ்சருகு, தென்னம்பாளை. நடுவில் பால் பாக்கெட்டுகள், ஒரு ஷாம்பூ உறை, ரப்பர் வாஷர்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அவருடைய கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அத்தனையையும் பிடிக்க அவருக்கு ஒரு கை போதவில்லை, மற்றக் கையையும் நீட்டினார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வருகிறார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. இரண்டாம் தடவையிலிருந்தே சாக்கில் பிளாஸ்ரிக் இருக்கவில்லை, வெறும் சருகுதான். அப்போதும் நான் அவரை நிறுத்திவைத்து, தரையில் கொட்டி, பிடி பிடியாகத் தேடித்தான் உள்ளே எடுக்கிறேன். போன ஞாயிறும் அப்படித்தான். விறாந்தையில் நின்ற அபி, "போதும்மா, உடு. அவரு போகட்டும்" என்றாள்.

நான் இன்னொரு பிடியை அள்ளி, விரித்துப் பார்த்தேன். அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.